200 பேர், 40 சுற்று, ஒரு சராசரிக் கோடு: மாடலைச் சரிபார்க்க இது போதுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். திரையில் இரண்டு பெட்டிகள் வரும். ஒன்று அடிக்கடி புள்ளி தரும், மற்றது எப்போதாவதுதான் தரும். எது நல்ல பெட்டி என்பதை மனிதர்கள் அழுத்தி அழுத்திக் கற்றுக்கொள்ளும் விதத்தை விளக்க ஒரு கணினி மாடல் எழுதியிருக்கிறீர்கள். இணையம் வழியாக 200 பேரை, ஆளுக்கு 40 சுற்று விளையாட வைத்துத் தரவு எடுக்கப் போகிறீர்கள். எல்லாருடைய பதில்களின் சராசரிக் கோட்டோடு மாடலின் கோடு பொருந்திவிட்டால், மாடல் சரிபார்க்கப்பட்டது என்று எழுதலாமா என்பது உங்கள் கேள்வி. எண்ணிக்கையைப் பற்றிய கேள்விபோலத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது வேறு என்று படுகிறது: என்ன தரவு கையில் இருந்தால் இந்த மாடலை நம்பலாம்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நினைவாற்றல், முடிவெடுத்தல் இரண்டிலும் பன்னிரண்டு ஆண்டுகளாக இப்படிப்பட்ட மாடல்களோடு வேலை செய்து வருகிறேன். மொழி கற்றல், குழந்தைகளின் வளர்ச்சி போன்றவற்றில் நான் தரவு எடுத்ததில்லை. அங்கே வேறு சிக்கல்கள் உண்டு. நான் சொல்வதை அப்படியே அங்கே கொண்டுபோக வேண்டாம்.

சுருக்கமான பதில் இதுதான். 200 பேர் உங்கள் கேள்விக்குத் தாராளம். 40 சுற்று ரொம்பக் குறைவு. சராசரிக் கோடு பொருந்துவது மாடலைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்லாது. கடைசியில் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் அதுதான்.

ஐந்து பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐவருமே ஆரம்பத்தில் குருட்டாம்போக்கில் அழுத்துகிறார்கள், அதாவது பாதிக்குப் பாதி சரி. முதல் ஆளுக்கு 6ஆம் சுற்றில் சட்டென்று விளங்குகிறது. அதற்குமேல் அவர் தவறவே இல்லை. அடுத்தவருக்கு 11ஆம் சுற்றில், மற்றவர்களுக்கு 17, 25, 34ஆம் சுற்றுகளில். சராசரி எடுங்கள். 50 விழுக்காட்டில் தொடங்கி 60, 70, 80, 90 என்று ஏறி 100இல் நிற்கும். ஐந்து பேருக்குப் பதில் 200 பேர் என்றால் படிகள்கூடக் கண்ணுக்குத் தெரியாது, வழவழப்பான வளைகோடு கிடைக்கும். படிப்படியாகக் கற்கும் உங்கள் மாடல் அந்தக் கோட்டின் மேல் அழகாக உட்காரும். ஆனால் அந்த ஐந்து பேரில் ஒருவர்கூடப் படிப்படியாகக் கற்கவில்லை! கோடு சொல்வது யாருக்கு எப்போது விளங்கியது என்ற பரவலை. ஒரு மனத்துக்குள் என்ன நடந்தது என்பது அதில் இல்லை.

இது புதிய எச்சரிக்கை ஒன்றும் இல்லை. உளவியலாளர் வில்லியம் எஸ்டெஸ் 1956லேயே சராசரிக் கற்றல் கோடுகளைப் பற்றி இதை எழுதிவிட்டார். அப்படியும் துறை பல முறை இதே பள்ளத்தில் விழுந்திருக்கிறது. பயிற்சி கூடக் கூட ஒரு வேலையைச் செய்யும் நேரம் அடுக்கு விதிப்படி குறைகிறது என்று ஆலன் நியூவெல்லும் பால் ரோசன்புளூமும் 1981இல் எழுதினார்கள். அதைச் சுற்றி எத்தனையோ மாடல்கள் கட்டப்பட்டன. 2000இல் ஆண்ட்ரூ ஹீத்கோட்டும் அவருடைய சகாக்களும் பழைய தரவுகளை எடுத்து, ஆள் ஆளாகப் பிரித்துப் பார்த்தார்கள். தனி ஆட்களின் கோடுகளுக்கு அடுக்குச் சார்பைவிடப் படிக்குறிச் சார்பே பெரும்பாலும் நன்றாகப் பொருந்தியது. வேறுவேறு வேகத்தில் இறங்கும் படிக்குறிக் கோடுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், வருவது அடுக்கு விதிபோலவே தோன்றும். இந்த இரண்டு சார்புகளும் கற்றலைப் பற்றிச் சொல்லும் கதை வேறு. படிக்குறிச் சார்பில், கற்க மீதம் உள்ளதில் ஒவ்வொரு முறையும் ஒரே விகிதம் குறைகிறது. அடுக்குச் சார்பில், அந்த விகிதமே போகப் போகச் சுருங்குகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் ஆள்வாரியான தரவு கையில் இருந்தாக வேண்டும்.

சரி, ஆள்வாரியாகப் பொருத்திப் பார்த்து, அங்கேயும் மாடல் பொருந்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: வேறு எந்த மாடல் இதே தரவுக்குப் பொருந்தியிருக்கும்? இதற்கு நான் மாணவர்களிடம் எப்போதும் சொல்வது சால் ஸ்டெர்ன்பர்க்கின் 1966 பரிசோதனை. ஒன்று முதல் ஆறு எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வார். பிறகு ஓர் எண் வரும்; அது அந்தப் பட்டியலில் உண்டா இல்லையா என்று விசையை அழுத்த வேண்டும். பட்டியலில் ஓர் எண் கூடினால் பதில் வரும் நேரம் சுமார் 38 மில்லிநொடி கூடியது. ‘உண்டு’ என்ற பதிலுக்கும் ‘இல்லை’ என்ற பதிலுக்கும் ஒரே சரிவு. மனம் ஒவ்வோர் எண்ணாகத் தேடுகிறது, கிடைத்த பிறகும் நிறுத்தாமல் கடைசிவரை போகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். கிடைத்ததும் நிறுத்தினால் ‘உண்டு’ கோட்டின் சரிவு பாதியாக இருந்திருக்கும் அல்லவா? கேட்க அவ்வளவு சுத்தமான தர்க்கம். சில ஆண்டுகளில் ஜேம்ஸ் டவுன்சென்ட் கணக்குப் போட்டுக் காட்டினார்: எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் ஒப்பிடும், ஆனால் கொள்திறன் மட்டுப்பட்ட (எண்கள் கூடினால் ஒவ்வோர் ஒப்பீடும் மெதுவாகும்) ஒரு மாடலும் அதே நேர்கோடுகளைத் தரும். ஆக, அந்தச் சராசரி நேரங்களை எத்தனை ஆயிரம் பேரிடம் எடுத்தாலும் இந்தச் சண்டை தீராது. தீர்க்க வேறு வகைத் தரவு வேண்டியிருந்தது. ஆள் கணக்கைக் கூட்டுவதற்கு முன் என்ன வகைத் தரவு என்று யோசியுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் விஷயத்தில் போட்டி மாடல்கள் யார்? குறைந்தது மூன்றையாவது எழுதி வையுங்கள். ஒன்று உங்களுடையது: ரெஸ்கோர்லாவும் வாக்னரும் 1972இல் கொடுத்த சூத்திரத்தின் வாரிசு. வந்த புள்ளிக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கற்கும் வேகத்தால் பெருக்கி எதிர்பார்ப்போடு சேர்ப்பது அது. எதிர்பார்ப்பு 0.5 ஆக இருந்து, 1 புள்ளி வந்து, கற்கும் வேகம் 0.2 என்றால் புதிய எதிர்பார்ப்பு 0.6. இரண்டாவது, கற்றலே இல்லாத ஒரு பழக்கம்: புள்ளி வந்தால் அதே பெட்டி, வராவிட்டால் மாறிவிடு. மூன்றாவது, புள்ளியைப் பொருட்படுத்தாமல் முன்பு அழுத்தியதையே திரும்ப அழுத்தும் சாய்வு. இந்த மூன்றாவதை அலட்சியப்படுத்தாதீர்கள். அதை மாடலில் சேர்க்காமல் விட்டால், நல்ல செய்திக்கு ஒரு கற்கும் வேகம், கெட்ட செய்திக்கு வேறொன்று என்று ஒரு போலி வித்தியாசம் கணக்கில் முளைக்கும். ‘மனிதர்கள் கெட்ட செய்தியைக் காதில் போட்டுக்கொள்வதில்லை’ என்று எழுதத் தூண்டும் அளவுக்கு அது நம்பும்படி இருக்கும். பின்னால் இருப்பது வெறும் விரல் பழக்கமாகவும் இருக்கலாம்.

இப்போது 40 சுற்றுக்கு வருகிறேன். ஒரு மனிதரைக்கூடக் கூப்பிடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் மாடலையே பங்கேற்பாளராக உட்கார வையுங்கள். கற்கும் வேகம் இவ்வளவு, தேர்வில் உறுதி இவ்வளவு என்று நீங்களே எண்களைத் தீர்மானித்து, 200 போலி ஆட்களை உருவாக்கி, 40 சுற்று விளையாட விடுங்கள். பிறகு அந்த எண்களே தெரியாததுபோல, தரவிலிருந்து அவற்றைத் திரும்பக் கண்டுபிடிக்கப் பாருங்கள். நீங்கள் போட்ட எண்ணும் திரும்பக் கிடைத்த எண்ணும் ஒன்றோடொன்று போகிறதா என்று வரைந்து பாருங்கள். 40 சுற்றில் புள்ளிகள் சிதறித்தான் கிடக்கும் என்று அனுபவத்தில் சொல்கிறேன். காரணம் எளிது: மெதுவாகக் கற்று உறுதியாகத் தேர்ந்தெடுக்கும் ஒருவரும், வேகமாகக் கற்று அலைபாய்ந்து தேர்ந்தெடுக்கும் ஒருவரும் சில டஜன் சுற்றுகளில் ஏறக்குறைய ஒரேபோல்தான் அழுத்துவார்கள். ஒரு பாராமீட்டர் (மாடலுக்குள் நீங்கள் தீர்மானித்த அந்த எண்களில் ஒன்று) ஏறினால் மற்றது இறங்கி ஈடுகட்டிவிடும். இந்தப் பயிற்சியை நூறு, இருநூறு, முந்நூறு சுற்றுகளுக்குத் திரும்பச் செய்யுங்கள். நடுவில் நல்ல பெட்டியும் கெட்ட பெட்டியும் இடம் மாறும்படி ஓரிரு திருப்பங்களை வைத்தும் பாருங்கள். திருப்பங்கள் பெரிய உதவி, ஏனென்றால் கற்கும் வேகம் கண்ணுக்குத் தெரிவதே பழைய அறிவை விட வேண்டிய அந்தச் சில சுற்றுகளில்தான்.

அதே போலித் தரவில் இன்னொரு சோதனை. மூன்று மாடல்களும் தனித்தனியே தரவு உற்பத்தி செய்யட்டும். எது யாருடையது என்று உங்கள் ஒப்பீட்டு முறையால் சரியாகச் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் உண்மையான மனிதர்களின் தரவு வந்தபிறகும் முடியாது. இதெல்லாம் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. செய்யாமல் போய், தரவெல்லாம் சேர்ந்தபிறகு வந்து கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஆறுதலான பதில் இருப்பதில்லை.

ஆட்கள் எத்தனை, சுற்றுகள் எத்தனை என்ற குழப்பத்துக்கும் இங்கேயே விடை கிடைக்கும். ஓர் ஆளின் மனத்தைப் பற்றிய எண்ணைத் துல்லியமாக்குவது சுற்றுகள். ஆளுக்கு ஆள் எவ்வளவு வேறுபாடு என்பதைச் சொல்வது ஆட்களின் எண்ணிக்கை. ஒன்று மற்றதற்கு முழு ஈடாகாது. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. வண்ணப் பெயரை வேறு வண்ண மையில் எழுதிக் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லும் ஸ்ட்ரூப் சோதனையில் குழு அளவு விளைவு எப்போது செய்தாலும் வரும். அதே ஆளை மறுபடி வரவழைத்துச் செய்தால் அவருடைய மதிப்பெண் அந்த அளவுக்கு நிலையாக இருப்பதில்லை என்று கிரேக் ஹெட்ஜும் சகாக்களும் 2018இல் காட்டினார்கள். எல்லாரிடமும் ஒரேபோல வருவதால்தான் ஒரு விளைவு குழுவில் உறுதியாகத் தெரிகிறது; அதே காரணத்தால் ஆட்களைப் பிரித்துக்காட்ட அது உதவுவதில்லை. உங்கள் மாடல் பொதுவான மனித இயல்பைச் சொல்கிறதா, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைச் சொல்கிறதா என்று முதலில் தீர்மானித்துவிடுங்கள். இரண்டாவது என்றால், சிலரையாவது சில வாரம் கழித்து மறுபடி அழைத்து அளக்க வேண்டும்.

எதையெல்லாம் பதிவு செய்வது? ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி. எந்தப் பெட்டி இடப்பக்கம் வந்தது, எதை அழுத்தினார், எத்தனை மில்லிநொடி ஆனது, என்ன புள்ளி கிடைத்தது, அழுத்தாத பெட்டியில் என்ன இருந்திருக்கும், நடுவில் வேறு பக்கத்துக்குப் போனாரா, எந்த உலாவி, அறிவுரையின் எந்தப் பதிப்பைப் படித்தார். எல்லாம் வேண்டும். இதைக் கண்டிப்போடு சொல்லக் காரணம் உண்டு. என் முதல் ஆய்வில் பத்துப் பத்துச் சுற்றாகச் சேர்த்து, ‘பத்தில் ஏழு சரி’ என்ற கணக்கை மட்டும் சேமித்தேன். இரண்டு ஆண்டு கழித்து, ஒரு தவறுக்கு அடுத்த சுற்றில் ஆட்கள் நிதானமாகிறார்களா என்று பார்க்க வேண்டி வந்தது. வரிசையே இல்லை. அத்தனை பேர் நேரம் ஒதுக்கிக் கொடுத்த தரவு அந்தக் கேள்விக்குப் பயன்படாமல் போனது. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

நேர்மாறான உதாரணம் பென்னட் மர்டாக்கின் 1962 தரவு. சொற்பட்டியலைக் கேட்டுவிட்டு நினைவுக்கு வந்த வரிசையில் சொல்லச் சொன்ன பரிசோதனை அது. பட்டியலின் முதல் சொற்களும் கடைசிச் சொற்களும் நன்றாக நினைவில் நிற்கின்றன என்பதுதான் அப்போது பெரிய செய்தி. ஆனால் எந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வந்தது என்ற வரிசை பாதுகாக்கப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுக்குமேல் கழித்து, 1996இல் மைக்கேல் கஹானா இத்தகைய பழைய தரவுகளில் ஒரு புதிய கேள்வியைக் கேட்டார். ஒரு சொல் நினைவுக்கு வந்ததும், பட்டியலில் அதற்கு அக்கம்பக்கத்தில் இருந்த சொல்தான் அடுத்து வர அதிக வாய்ப்பு, அதிலும் பட்டியலில் அதற்கு முன் வந்த சொல்லைவிட அதற்கு அடுத்து வந்த சொல்லுக்கு இன்னும் அதிகம் என்று தெரிந்தது. இன்று நினைவாற்றல் மாடல் எழுதும் யாரும் இந்த விளைவைக் காட்டாமல் தப்ப முடியாது. தரவு எடுத்த காலத்தில் யாருமே கேட்காத கேள்வி அது!

நேரத்தைப் பதிவு செய்வதைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் மாடல் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதை மட்டும் சொல்கிறது என்பதால் பதில் நேரம் தேவையில்லை என்று நினைக்கலாம். எடுத்து வையுங்கள். ரோஜர் ராட்கிளிஃப் 1978இல் கொடுத்த மாடலில், மனம் சான்றுகளைச் சேர்த்துக்கொண்டே போய் ஓர் எல்லையைத் தொட்டதும் முடிவெடுக்கிறது. அதைப் பொருத்தச் சராசரி நேரம் போதாது. சரியான பதில்களின் நேரப் பரவல், தவறான பதில்களின் நேரப் பரவல் இரண்டும் வேண்டும். பலன் என்ன? முதியவர்கள் மெதுவாகப் பதில் சொல்வதை மூளையின் வேகமே குறைந்துவிட்டதாகப் பல காலம் எடுத்துக்கொண்டார்கள். இந்த மாடலை வைத்துப் பார்த்தபோது, பல எளிய சோதனைகளில் அவர்கள் சான்று சேர்க்கும் வேகம் இளைஞர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே இருந்தது. எல்லையை அவர்கள் தள்ளி வைக்கிறார்கள், அதாவது தவறக் கூடாது என்று கூடுதல் கவனம் எடுக்கிறார்கள். விரலை அசைக்கவும் கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கிறது. வெறும் சராசரி நேரத்தில் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

இணையத்தில் நேரம் அளப்பது நம்பத்தக்கதா என்று அடுத்துக் கேட்பீர்கள். சாதாரணத் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது, அதாவது 16.7 மில்லிநொடிக்கு ஒரு முறை. விசைப்பலகையும் தன் பங்குக்குச் சில மில்லிநொடி தாமதம் சேர்க்கும். ஆனால் ஒரே ஆள் ஒரே கருவியில் செய்யும் இரண்டு நிலைகளை ஒப்பிடும்போது நிலையான தாமதம் கழிந்துபோகும். ஜேஎஸ்சைக், சைக்கோபை போன்ற இலவசக் கருவிகள் இந்த வேலைக்குப் போதும். ஆளுக்கு ஆள் சில மில்லிநொடி வித்தியாசத்தை நம்பித்தான் உங்கள் வாதம் நிற்கிறது என்றால் மட்டும் ஆய்வகத்துக்குப் போங்கள்.

இணையத்தில் எனக்குப் பெரிய கவலை நேரம் இல்லை. அந்தப் பக்கம் இருப்பவர் என்ன நினைத்துக்கொண்டு விளையாடுகிறார் என்பது. ஒரு முன்னோட்டத்தில் ஒருவருடைய கோப்பைத் திறந்தேன். இடம், வலம், இடம், வலம் என்று கடைசிவரை மாற்றி மாற்றி அழுத்தியிருந்தார். கவனம் இல்லாதவர், நீக்கிவிடலாம் என்று கை போனது. கடைசியில் வைத்திருந்த பெட்டியில் அவர் எழுதியிருந்ததைப் படித்தேன்: பரிசு முறை வைத்து இடம் மாறும் என்று நினைத்தாராம், அந்த முறையைக் கண்டுபிடிக்கப் பார்த்தாராம். பதில் நேரங்களும் நிதானமாகவே இருந்தன. அவர் முழுக் கவனத்தோடு வேறொரு விளையாட்டை விளையாடியிருக்கிறார்! எங்கள் அறிவுரையில் புள்ளிகள் தற்செயலாக வரும் என்ற வாக்கியம் தெளிவாக இல்லை. மாடலுக்கு ஒத்துவராத ஆட்களை நீக்கிவிட்டு மாடல் பொருந்துகிறது என்று சொல்வது, விடைத்தாளைத் திருத்திவிட்டு மதிப்பெண் போடுவதற்குச் சமம். ஆகவே யாரை நீக்குவது என்ற விதியைத் தரவு வருவதற்கு முன்பே எழுதி, தேதியோடு பதிவு செய்துவிடுங்கள். அந்த விதி மாடலைத் தொடாததாக இருக்கட்டும்: அறிவுரைக் கேள்விகளுக்குத் தவறான விடை, மனிதரால் முடியாத வேகத்தில் தொடர்ந்து அழுத்தியது, இப்படி.

ஆட்கள் தம் மனத்தைப் பற்றிச் சொல்வதைத் தரவாக எடுக்கலாமா என்பதில் துறைக்குள் பழைய சர்ச்சை உண்டு. தம் நடத்தைக்கு மக்கள் சொல்லும் காரணங்கள் பல நேரம் உண்மைக் காரணங்கள் அல்ல என்று நிஸ்பெட்டும் வில்சனும் 1977இல் வலுவாக எழுதினார்கள். மறுபக்கம், நியூவெல்லும் ஹெர்பர்ட் சைமனும் மனிதர்கள் புதிர் அவிழ்க்கும்போது வாய்விட்டுப் பேசியதை வரி வரியாக எழுதியெடுத்து அதன்மேல்தான் தங்கள் மாடல்களைக் கட்டினார்கள். 1980இல் எரிக்சனும் சைமனும் சொன்ன சமரசம் எனக்குச் சரியாகப் படுகிறது: செய்துகொண்டிருக்கும்போதே மனத்தில் ஓடுவதைச் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு, செய்து முடித்தபிறகு ‘ஏன் அப்படிச் செய்தீர்கள்’ என்று கேட்டு வாங்கும் விளக்கத்தை அந்த அளவுக்கு நம்ப முடியாது. அந்த முன்னோட்ட ஆள் தான் மாற்றி மாற்றி அழுத்தியதற்கு எழுதிய குறிப்பை நான் ஆதாரமாக எடுக்கவில்லை, எங்கே தேட வேண்டும் என்ற துப்பாக எடுத்துக்கொண்டேன்.

இனி சரிபார்ப்பு. இதில்தான் நேர்மை வேண்டும். மாடலைப் பொருத்தும்போது கணினி ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஆளின் உண்மையான முந்தைய தேர்வுகளைப் பார்த்துவிட்டு அடுத்ததை ஊகிக்கிறது. பாதைக்கு வெளியே போனாலும் அடுத்த சுற்றில் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுகிறோம். அந்தக் கையை விட்டுப் பாருங்கள். கண்டுபிடித்த பாராமீட்டர்களைக் கொடுத்து, மாடலைத் தன்பாட்டுக்கு முழு விளையாட்டையும் விளையாட விடுங்கள். திருப்பம் வந்ததும் மனிதர்கள் எத்தனை சுற்றில் மாறினார்களோ, மாடலும் அத்தனை சுற்றில் மாறுகிறதா? தொடர்ந்து இரண்டு இழப்பு வந்தால் மனிதர்களைப்போலவே நடந்துகொள்கிறதா? போட்டி மாடல்களைவிட நல்ல மதிப்பெண் வாங்கிய மாடல் இந்த இடத்தில் தோற்றுப்போவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

தரவில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்துச் சோதிப்பதும் தேவைதான். அது எளிய படி. அதே விளையாட்டு, அதே வகை ஆட்கள். கடினமான படி, மாடல் பார்த்திராத சூழலுக்குக் கொண்டுபோவது. உங்கள் விளையாட்டுக்கு மிகவும் பொருத்தமான ஒரு வழி இருக்கிறது. முதல் பகுதியில் இரண்டு ஜோடிகள். ஒரு ஜோடியில் வென்றால் 1 புள்ளி, மற்றதில் வென்றால் 0.1 புள்ளி மட்டும். இரண்டிலும் நல்ல பெட்டி 75 விழுக்காடு, மோசமான பெட்டி 25 விழுக்காடு. எல்லாரும் இரண்டு ஜோடியிலும் நல்லதைக் கற்றுக்கொள்வார்கள். அப்புறம் ஜோடிகளைக் கலந்து, பெரிய ஜோடியின் மோசமான பெட்டியையும் சிறிய ஜோடியின் நல்ல பெட்டியையும் அருகருகே வையுங்கள். முதலாவதின் சராசரி மதிப்பு 0.25, இரண்டாவதின் மதிப்பு 0.075. உங்கள் மாடல் தயங்காமல் முதலாவதைத் தேர்ந்தெடுக்கும். ஸ்டெஃபானோ பல்மின்டேரி குழுவினர் இப்படிப்பட்ட அமைப்பில் செய்த, 2018இல் வந்த ஆய்வில் மனிதர்கள் இரண்டாவதின் பக்கம் சாய்ந்தார்கள். பெட்டியின் மதிப்பை அவர்கள் தனியாகக் கற்கவில்லை, அதன் ஜோடியோடு ஒப்பிட்டே கற்றிருக்கிறார்கள் என்பதுதான் இதற்கு இயல்பான விளக்கம். முதல் பகுதித் தரவை மட்டும் வைத்திருந்தால், மதிப்பை நேரடியாகக் கற்கும் எளிய மாடல் நன்றாகப் பொருந்துவதாக எழுதிவிட்டு நிம்மதியாகப் போயிருப்போம்.

ஏற்கெனவே உள்ள பொதுத் தரவுகளைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாடலைக் கட்ட, செதுக்க, தாராளமாக. விளைவு உறுதியில்லாத தேர்வுகளைப் பற்றி 13,000க்கு மேற்பட்ட கேள்விகள் கொண்ட ஒரு தொகுப்பு இருக்கிறது. 160 பரிசோதனைகள், 60,000க்கு மேற்பட்ட ஆட்கள், ஒரு கோடிக்கு மேற்பட்ட தேர்வுகள் கொண்ட ‘சைக்-101’ தொகுப்பும் இருக்கிறது. அதை வைத்து ஒரு பெரிய மொழி மாடலைப் பழக்கி ‘சென்டார்’ என்ற பெயரில் 2025இல் வெளியிட்டார்கள். மனிதர்களின் தேர்வை முன்கூட்டிச் சொல்வதில் அது பல மரபான மாடல்களை மிஞ்சுகிறது. அது மனத்தின் விளக்கமா, திறமையான ஊகிப்பானா என்பதில் கடுமையான கருத்து வேறுபாடு இருக்கிறது. என் பார்வையில் அது ஒரு நல்ல அளவுகோல்: உங்கள் எளிய மாடலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி, தரவில் நீங்கள் இன்னும் விளக்காத ஒழுங்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைக் காட்டும். ஆனால் மனிதர்களுக்குப் பதில் மொழி மாடலை விளையாட வைத்து அதைச் சரிபார்ப்புத் தரவாக எடுக்க வேண்டாம். அது ஒரு மாடலை இன்னொரு மாடலோடு ஒப்பிடுவது மட்டுமே.

மூளை ஸ்கேன் வேண்டுமா? இந்தக் கட்டத்தில் வேண்டாம். எஃப்எம்ஆர்ஐ அளக்கும் இரத்த ஓட்ட மாற்றம், நரம்புச் செயல்பாட்டுக்குச் சுமார் ஐந்தாறு நொடி கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். நடத்தையிலேயே பிரிக்க முடியாத இரண்டு மாடல்களைப் பிரிக்க அது சில நேரம் உதவும், ஆனால் நடத்தைச் சோதனையைச் செய்து முடித்த பிறகு.

எனக்கு உறுதியில்லாத பகுதியையும் சொல்லிவிடுகிறேன். ‘கற்கும் வேகம்’ என்று பெயர் வைத்த எண் அந்த ஆளின் குணமா, அந்த விளையாட்டின் குணமா? ஒரே ஆளுக்கு ஒரு விளையாட்டில் கிடைத்த எண் இன்னொரு விளையாட்டில் அப்படியே வருவதில்லை என்பது பல முறை தெரியவந்திருக்கிறது. அதனால் உங்கள் எண்ணை வைத்து ஓர் ஆளின் மனநலத்தைப் பற்றியோ புத்திசாலித்தனத்தைப் பற்றியோ நான் எதுவும் எழுதமாட்டேன். யாரிடம் எடுத்தோம் என்பதும் அப்படித்தான். மேற்கத்திய, படித்த, வசதியான சமூகங்களின் ஆட்களை வைத்தே மனித மனம் முழுவதையும் பற்றிப் பேசிவருகிறோம் என்று ஜோசப் ஹென்ரிக்கும் சகாக்களும் 2010இல் சுட்டிக்காட்டினார்கள். இணையத்தில் காசுக்குச் சோதனை செய்பவர்களும் உலக மக்களின் சரியான பிரதிநிதிகள் இல்லை. அவர்களில் பலர் இதேபோன்ற இருபெட்டி விளையாட்டை ஏற்கெனவே பல முறை விளையாடியிருப்பார்கள். முன்பு விளையாடியதுண்டா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். இந்த வாரம் போலி ஆட்கள். அடுத்த வாரம் பத்துப் பேர் மட்டும். அவர்களுடைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, வரி வரியாகக் கண்ணால் படிப்பேன், கணக்கு எதுவும் போடாமல். அறிவுரையைத் திருத்துவேன். பிறகு 100 பேர், ஆளுக்குச் சுமார் 240 சுற்று, நடுவில் மூன்று இடைவேளை, இரண்டு திருப்பம், கடைசியில் புள்ளி காட்டாத கலப்பு ஜோடிகள். அந்தக் கலப்பு ஜோடிகளில் மாடல் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதையும், எந்த விடை வந்தால் மாடலைக் கைவிடுவேன் என்பதையும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதிப் பதிவு செய்துவிடுவேன். மீதி நூறு பேருக்கான பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருப்பேன். முதல் நூறு பேரின் தரவைப் பார்த்து மாடலை மாற்றத்தான் போகிறீர்கள். மாற்றிய மாடலைச் சோதிக்கப் புதிய ஆட்கள் வேண்டும்.